யமஹாவா, டெனானா? வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்!



கூடத்தில் பெரிய தொலைக்காட்சி வந்துவிட்டது. படம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கின்றது, பேச்சுதான் விளங்குவதில்லை. “என்ன சொன்னார்?” என்று வாப்பா கேட்கிறார். மகன் ஒலியைக் கூட்டுகிறான். அடுத்த நொடியே ஒரு வெடியோசை வீட்டை அதிர வைக்கின்றது. உள்ளறையில் உறங்கிய குழந்தை விழித்து அழுகின்றது. உம்மா ஒலியைக் குறைக்கச் சொல்கிறார். இன்று பல இல்லங்களில் இரவுதோறும் நடப்பது இதுவே.

குற்றம் வாப்பாவின் செவியில் மட்டும் இல்லை. தொலைக்காட்சிகள் அட்டைபோல் மெலிந்துவிட்டன. அவற்றினுள் உள்ள சிறு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கின்றன. ஒலி நம் முகத்துக்கு நேரே வராமல், சுவரிலும் தரையிலும் மோதிச் சிதறிய பின்னரே வருகின்றது. பேச்சு மங்குவதற்கு இது முதன்மையான காரணம்.

இதற்குத் தீர்வு தேடிக் கடைக்குச் செல்வோரில் பலர் குறைந்த விலை வரிசையில் இரண்டு ரிசீவர்களைக் குறித்து விசாரிக்கின்றனர். ஒன்று யமஹாவின் ஆர்.எக்ஸ்-வி385; 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. மற்றொன்று டெனானின் ஏ.வி.ஆர்-எக்ஸ்580பி.டி.; 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டும் ஜப்பானில் பிறந்த பழம்பெரும் பெயர்கள். யமஹாவின் வரலாறு 1887இல் ஒரு ரீட் ஆர்கன் பெட்டியைப் பழுதுபார்த்ததில் தொடங்குகின்றது. டெனானின் வேர் 1910இல் தொடங்கிய இசைத்தட்டுத் தொழிலில் உள்ளது. இரண்டு பெட்டிகளின் மீதும் 70 வாட் என்றே எழுதப்பட்டிருக்கும். அப்படியாயின் எதை வாங்குவது? விற்பவர் தம் கையிருப்பில் உள்ளதைப் புகழ்வார். வீட்டின் வரவு செலவு அறிந்து வாங்க வேண்டியவர்கள் நாம். எனவே இம்மாதம் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ரிசீவர் செய்யும் வேலை என்ன?

ரிசீவர் என்பது ஸ்பீக்கர் அன்று. தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், டிஸ்க் பிளேயர், விளையாட்டுக் கருவி ஆகியவற்றிலிருந்து வரும் ஒலியையும் படத்தையும் ஒரே இடத்தில் பெற்றுக்கொண்டு, படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பிவிட்டு, ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் நடுப்பெட்டி அது.

‘5.1’ என்று எழுதியிருக்கக் காண்பீர்கள். முன்னால் இடம், நடு, வலம் என மூன்று. பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. ஆக ஐந்து ஸ்பீக்கர்கள். புள்ளிக்குப் பின் உள்ள ஒன்று, ஆழ்ந்த அதிரொலிக்கு மட்டுமான சப்வூஃபர். திரையரங்குகளில் இம்முறை டிஜிட்டல் வடிவில் பரவியது 1990களின் தொடக்கத்தில்தான். டால்பி டிஜிட்டல் 1992இலும், டி.டி.எஸ். 1993இலும் திரைக்கு வந்தன.

இந்த ஐந்தில் நம் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படுவது எது? முழங்கும் சப்வூஃபர் அன்று, நடு ஸ்பீக்கரே! திரைப்படமாயினும் ஆவணப்படமாயினும், ஐந்து சேனல்களில் ஒலிப்பதிவு செய்யப்பட்டவற்றில் பேச்சின் பெரும்பங்கு நடு ஸ்பீக்கருக்கே வருகின்றது. அதன் ஒலியை மட்டும் தனியே உயர்த்திக்கொள்ள இரண்டு ரிசீவர்களிலும் வழியுண்டு. வெடியோசை கூடாமல் பேச்சு மட்டும் கூடும். செவி மங்கிய பெரியவர்கள் உள்ள வீட்டில், ரிசீவர் வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

70 வாட்: ஒரே எண், இரு பொருள்

முன்பு டேப் ரிக்கார்டர்களின் மேல் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று ஒட்டியிருந்ததை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த எண்ணுக்கும் உண்மை ஆற்றலுக்கும் தொடர்பே இருந்ததில்லை. நாம் ஒப்பிடும் நிறுவனங்கள் அத்தகைய ஏமாற்றுச் செய்வதில்லை. எனினும் எண்ணின் அருகே சிறிய எழுத்தில் உள்ளதைப் படிக்காமல் முடிவுக்கு வரலாகாது.

யமஹா சொல்லும் 70 வாட், 6 ஓம் ஸ்பீக்கரில் அளந்தது. டெனான் சொல்லும் 70 வாட், 8 ஓம் ஸ்பீக்கரில் அளந்தது. இரண்டும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரு சேனல்கள் மட்டும் இயங்கும்போது அளந்தவை. ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. அகன்ற குழாயில் அதே மோட்டார் கூடுதலாக நீர் பாய்ச்சுவதைப்போல், தடை குறைந்த ஸ்பீக்கரில் அதே ஆம்ப்ளிஃபையர் கூடுதல் வாட் காட்டும். யமஹாவின் கணக்கை 8 ஓமுக்கு மாற்றினால் ஏறத்தாழ 52 வாட் வரும். ஆக, தாளில் டெனானே வலிமை மிக்கது.

உடனே டெனானை வாங்கிவிடலாமா? பொறுங்கள்! 52 வாட்டுக்கும் 70 வாட்டுக்கும் இடையே செவி உணரும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு டெசிபல் மட்டுமே. வாட்டை இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும். ஒலி இருமடங்கு உரத்ததாகத் தோன்ற வேண்டுமாயின் வாட் பத்து மடங்காக வேண்டும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 88 டெசிபல் ஒலிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் நமக்கு அது 78 டெசிபல் அளவில் எட்டும். இயல்பான உரையாடலின் ஒலி 60 டெசிபல் அளவினது. ஒரு வாட்டே உரையாடலை விஞ்சிவிட்டது! 70 வாட்டையும் செலுத்தினால் 97 டெசிபலுக்குப் போகும். நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபல் கேட்பதே செவிக்குத் தீங்கு என்பது மருத்துவ உலகின் எச்சரிக்கை. எனவே 12 அடிக்கு 14 அடி அளவுள்ள நம் கூடங்களுக்கு இரண்டில் எதன் ஆற்றலும் தாராளம். வாட் எண்ணை வைத்து இவ்விரண்டுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை.

யமஹாவின் சிறப்பு: அளந்து பார்க்கும் மைக்

யமஹாவின் பெட்டியைத் திறந்தால் சிறிய மைக் ஒன்று கிடைக்கும். அதை முன்புறத் துளையில் செருகி, நாம் அமரும் இடத்தில் செவியின் உயரத்துக்கு வைத்துவிட்டு இயக்கினால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் சோதனையொலி எழும். எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தொலைவில் உள்ளது, எது உரக்க ஒலிக்கின்றது, எது மங்கலாக ஒலிக்கின்றது என்று ரிசீவர் தானே கணித்துச் சரிசெய்துகொள்ளும். அறையின் இயல்பால் மிகைப்படும் சுரங்களையும் ஓரளவு மட்டுப்படுத்தும். இந்த ஏற்பாட்டுக்கு ‘ஒய்.பி.ஏ.ஓ.’ என்று பெயர்.

இது ஏன் வேண்டும்? ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கின்றது. ஒரு மீட்டர் கடக்க அதற்கு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு நொடி வேண்டும். நம் வீடுகளில் இட ஸ்பீக்கர் ஜன்னலோரமும், வல ஸ்பீக்கர் கதவுக்கு அப்பாலும் என்று இடம் கிடைத்தவாறு வைக்கின்றோம். ஒலிகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தால் பேச்சு கூர்மை இழந்துவிடும். அருகில் உள்ளதைச் சற்றுத் தாமதப்படுத்தித் தொலைவில் உள்ளதோடு சேர்த்துவிடுவதே இந்த அளவீட்டின் பயன்.

டெனானின் இந்த மாதிரியில் மைக் அளவீடு இல்லை. அந்நிறுவனத்தின் விலை கூடிய மாதிரிகளில்தான் அது உண்டு. எனினும் தொலைவையும் ஒலியளவையும் கையாலேயே பதிவு செய்யலாம். அளவு நாடாவால் இருக்கையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்து பதியுங்கள். பிறகு சோதனையொலியை ஒலிக்கவிட்டு, எல்லாம் ஒரே அளவில் கேட்கும்படி ஒவ்வொன்றையும் திருத்துங்கள். பொறுமையுள்ளவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் வீட்டில் அத்தகைய பொறுமையுள்ளவர் இல்லையெனில், அந்த வேலை ஒருபோதும் நடைபெறாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

டெனானின் சிறப்பு: புதிய படக்கருவிகளுக்கு இடம்

நான்காண்டு பின்னால் வந்த டெனானின் வலிமை படப்பாதையில் உள்ளது. இரண்டிலும் எச்.டி.எம்.ஐ. நுழைவாயில்கள் நான்கு, வெளிவாயில் ஒன்று. யமஹாவின் வழியே 4கே படம் நொடிக்கு 60 சட்டங்கள் வரை செல்லும். டெனானின் வழியே 4கே படம் 120 சட்டங்கள் வரையிலும், 8கே படம் 60 சட்டங்கள் வரையிலும் செல்லும்.

இந்த வேறுபாடு யாருக்குப் பயன்படும்? பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்ற விளையாட்டுக் கருவிகள் 120 சட்டங்களில் படம் தரவல்லவை. அக்கருவியும், அதைக் காட்டவல்ல தொலைக்காட்சியும் வீட்டில் இருந்தால் டெனானே பொருத்தம். செட்டாப் பாக்ஸ், இணையத் திரைப்படங்கள், கிரிக்கெட், மக்காவிலிருந்து ஹஜ் நேரடி ஒளிபரப்பு ஆகியவற்றோடு நிறைவடையும் வீட்டுக்கு 60 சட்டங்களே போதும். அதற்கு மேற்பட்டது பயன்படாமல் கிடக்கும்.

டெனானுக்கு மேலும் இரு நன்மைகள் உண்டு. சப்வூஃபருக்கு இரண்டு வெளிவாயில்கள் இருப்பதால் நீண்ட கூடத்தில் இரண்டு சப்வூஃபர் வைத்து அதிரொலியைச் சமமாகப் பரப்பலாம். தொலைக்காட்சியிலேயே இயங்கும் செயலிகளின் ஒலியை உயர்ந்த தரத்தில் திருப்பிப் பெறும் ஈ.ஏ.ஆர்.சி. வசதியும் உண்டு. ஆயினும், ஒரே எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியின் ஒலியைத் திரும்பப் பெறும் அடிப்படை வசதி யமஹாவிலும் இருக்கின்றது. தொலைக்காட்சியில் ‘ஏ.ஆர்.சி.’ என்று குறித்த துளையில்தான் அக்கம்பியைச் செருகவேண்டும். இது தெரியாமல் ஒலி வரவில்லையென்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு!

இரண்டிலும் இல்லாதவை

கைப்பேசியிலிருந்து கிராஅத்தோ சொற்பொழிவோ ப்ளூடூத் வழியே கேட்க இரண்டிலும் இயலும். ஆனால் வைஃபை இரண்டிலும் இல்லை. கூரையிலிருந்து ஒலிப்பதுபோன்ற டால்பி அட்மாஸும் இரண்டிலும் இல்லை. “பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்” என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். இவற்றில் சேர்க்கவியலாது. அவை கட்டாயம் வேண்டுமெனில் அடுத்த விலை வரிசைக்குச் செல்லவேண்டும். ஆனால் 14 அடிக் கூடத்தில் ஐந்து ஸ்பீக்கர்களையே ஒழுங்காக வைப்பது கடினம் என்பதை எண்ணினால், அவை இல்லாததைப் பெருங்குறையாகக் கொள்ளத் தேவையில்லை.

பெட்டியைவிட அறை முக்கியம்

மொசைக் அல்லது டைல்ஸ் தரை, சிமெண்டுப் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை. இவை நம் வீடுகளின் இயல்பு. ஒலி இவற்றில் பட்டுப் பட்டுத் திரும்புவதால் பேச்சு எதிரொலியில் கரைந்துவிடுகின்றது. எத்துணை விலையுயர்ந்த ரிசீவரும் இதை முற்றிலும் மாற்றிவிடாது. தரையில் தடித்த விரிப்பு, ஜன்னலில் கனத்த திரைச்சீலை, பின்சுவரில் நூல்கள் நிறைந்த அலமாரி. சிறு செலவில் ஆகும் இம்மூன்றும் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு நிகரான பலனைத் தரும்.

நடு ஸ்பீக்கரைத் தொலைக்காட்சிக்கு நேர் கீழே, அமர்ந்திருப்போரின் முகத்தை நோக்கிச் சற்று நிமிர்த்தி வையுங்கள். அலமாரிக்குள் தள்ளி வைக்காதீர்கள். பக்க ஸ்பீக்கர்கள் இருக்கைக்குச் சற்றுப் பின்னே, செவி மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் முழக்கம் பெருகும். 14 அடி நீளமுள்ள அறை 40 ஹெர்ட்ஸ் அளவிலான ஆழ்ந்த ஒலியைத் தானே தூக்கிக் காட்டும். மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தினாலே வேறுபாடு தெரியும். சிறிய ஸ்பீக்கர்களாயின், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியெல்லாம் சப்வூஃபருக்கே போகுமாறு ரிசீவரில் அமைத்துவிடுங்கள்.

இங்கே அண்டை வீட்டாரையும் நினைவிற்கொள்ள வேண்டும். பேச்சொலியைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். ஆழ்ந்த அதிரொலியைத் தடுக்காது. அடுக்கு வீடுகளில் நம் சப்வூஃபர் கீழ்வீட்டு நோயாளியின் கட்டிலை அதிரச் செய்யும். அதன் அடியில் தடித்த ரப்பர் மெத்தை இடுங்கள். இஷாவுக்குப் பின் அதன் ஒலியைத் தாழ்த்துங்கள். உரத்த ஒலியைத் தணித்து மெல்லிய ஒலியை உயர்த்தும் இரவுநேர அமைப்பு இரண்டு ரிசீவர்களிலும் உண்டு. உறங்கும் குழந்தைக்கும் அதுவே பாதுகாப்பு.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி

விடுப்பில் வரும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்வது நம் ஊர்களில் வழக்கம். ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் விற்கப்படும் பெட்டிகள் 120 வோல்ட்டுக்கு உரியவை. அவற்றை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அந்த நொடியே பாழாகும். டெனானின் இதே பெட்டி அமெரிக்காவில் ஏ.வி.ஆர்-எஸ்570பி.டி. என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெயரைக் கொண்டே அடையாளம் காணலாம். யமஹாவுக்கோ எங்கும் ஒரே பெயர். ஆதலால் பின்புறத் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியுள்ளதா எனப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கச் சொல்லுங்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வாங்கினாலும் உத்தரவாதம் பெரும்பாலும் அந்த நாட்டோடு முடிந்துவிடும். மிச்சப்படும் தொகை ஒரு பழுதுச் செலவுக்கு ஈடாகுமா என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய பின்னரும் கவனம் தேவை. இரண்டு பெட்டிகளும் இயங்கும்போது சூடாகும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் அடைக்காமல், மேலே ஒரு சாணுக்குக் குறையாத இடைவெளி விட்டு வையுங்கள். மேலே துணி விரித்துப் பூச்சாடி வைக்கும் வழக்கம் வேண்டாம். ஸ்பீக்கர் கம்பிகளை மின்சாரத்தை அணைத்த பின்னரே இணையுங்கள். சிவப்பும் கறுப்பும் மாறாமலும், ஓர் இழைகூட மற்றதைத் தொடாமலும் முறுக்கிச் செருகுங்கள். அந்த ஓர் இழையால் ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகலாம். இடி மின்னல் வேளையில் மின்செருகியையும் கேபிள் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

முடிவாக எதை வாங்கலாம்?

தெளிவாகவே சொல்லிவிடுவோம். வீட்டில் புதிய விளையாட்டுக் கருவியும் 120 சட்டத் தொலைக்காட்சியும் இருந்தால், அல்லது ஓரிரு ஆண்டில் வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், டெனான் எக்ஸ்580பி.டி. வாங்குங்கள். ஸ்பீக்கர் தூரங்களை அளந்து பதியும் பணியை இளைஞர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

அத்தகைய தேவை இல்லாத பெரும்பாலான குடும்பங்களுக்கு யமஹா வி385 போதுமானது. ஒருவகையில் அதுவே மேலானது. படத்தின் சட்டங்களைவிடப் பேச்சின் தெளிவே அவர்கள் நாள்தோறும் வேண்டுவது. அதற்கு மைக் துணைசெய்யும். இது பழைய மாதிரியாதலால், கடையில் கிடைத்தால் தயாரித்த தேதியையும் உத்தரவாதத்தையும் கேட்டறியுங்கள். கிடைக்காவிடில் டெனானை வாங்குவதில் தயக்கம் வேண்டாம். அறையை ஒழுங்குபடுத்தினால் அதுவும் குறைவைக்காது.

எதை வாங்கினாலும் கைப்பணம் முழுவதையும் ரிசீவரிலேயே செலவழித்துவிடாதீர்கள். பெரும்பங்கைத் தரமான ஸ்பீக்கர்களுக்கு ஒதுக்குங்கள். ரிசீவர் பத்தாண்டில் பழையதாகிவிடும். நல்ல ஸ்பீக்கர் அடுத்த தலைமுறைக்கும் பேசும். ஐந்தையும் ஒரே நாளில் வாங்கவேண்டிய கட்டாயமும் இல்லை. முதலில் முன்னே உள்ள மூன்றை மட்டும் வாங்கி மாட்டுங்கள். பக்க ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் வசதி வரும்போது வரட்டும். கடன்பட்டு வாங்கிய முழக்கத்தைவிட, கைக்கு அடங்கிய செலவில் வீட்டிலுள்ள முதியவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கக் கேட்கும் அமைப்பே சிறந்த அமைப்பாகும்.